முல் ஹவுஸ் எங்கே?

கோவில்பட்டி வட்டாரத்தில் 1990-க்கு முன்னால் கல்யாணமான அம்மாக்கள் இருக்கும் வீடுகளுக்குப் போனால் ஒன்றைக் கவனிக்கலாம். ஹாலில், காலண்டருக்கும் கடிகாரத்துக்கும் நடுவே, கண்ணாடி போட்ட ஃபிரேம் ஒன்று தொங்கும். உள்ளே, மேட்டித் துணியில் கிராஸ் ஸ்டிட்ச் போட்ட படம்.

படங்களில் மொத்தம் நாலு ஜாதிதான். ஒன்று, மூக்கோடு மூக்கு உரசும் இரண்டு கிளிகள். இரண்டு, கூடைக்குள் உட்கார்ந்திருக்கும் நாய்க்குட்டி. மூன்று, 'வெல்கம்' என்கிற இங்கிலீஷ் வார்த்தை (பெரும்பாலும் ஓர் எழுத்து குறைச்சலாக). நாலாவது, வெள்ளைக்காரன் வீடு.

எங்கள் வீட்டில் நாலாவது. செங்குத்தான கூரை, மூன்று ஜன்னல், பக்கத்தில் தண்ணீர்ச் சக்கரம், முன்னால் ஓர் ஓடை, பின்னால் பனிமலை. ஆள் நடமாட்டம் கிடையாது. மே மாசத்தில் கரண்ட் போனால் நாங்கள் குடும்பத்தோடு அந்தப் பனிமலையைப் பார்த்துக்கொண்டுதான் விசிறிக்கொள்வோம். கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கிற மாதிரி தோன்றும்.

அந்த வீட்டுக்குப் பெயரும் உண்டு. முல் ஹவுஸ். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் காட்டிய டிசைன் புத்தகத்தில், படத்துக்குக் கீழே இங்கிலீஷில் அப்படித்தான் அச்சடித்திருந்ததாம். கெஸ்ட் ஹவுஸ், லைட் ஹவுஸ் மாதிரி இது முல் ஹவுஸ் என்று அம்மா தீர்மானித்துவிட்டாள். "முள் ஹவுஸ்னா நம்ம ஊர்ல எல்லாமே முள் ஹவுஸ்தான். வீட்டைச் சுத்தி வேலிக்காத்தான்" என்பார் அப்பா. நாற்பது வருஷமாக இதே ஜோக். அம்மா நாற்பது வருஷமாகச் சிரித்ததில்லை.

2024-இல் பெங்களூர் அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. அப்பா, அம்மாவை ஐரோப்பா அனுப்பவேண்டும். பாதிப் பணம் அவள், பாதி நான், துணைக்கும் நான். எனக்கு ஆபீஸ் சொசைட்டி லோன் ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு என் கல்யாணம் ஞாபகம் வந்தது. "இந்தக் காசுக்கு வரப்போற பொண்ணுக்கு ஒரு ஆரம் எடுத்திருக்கலாமே" என்றாள்.

"வராத பொண்ணுக்கு ஆரம் எதுக்கும்மா?" என்றேன்.

ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அந்த முல் ஹவுஸைக் காட்டுவாங்களா?" என்று கேட்டாள்.

நான் விசா பாரம் நிரப்பிக்கொண்டிருந்தேன். "எல்லாம் காட்டுவாங்கம்மா" என்றேன், தலை நிமிராமல்.

இந்தக் கட்டுரையில் நான் செய்த முதல் குற்றம் இது. இரண்டாவது இன்னும் பெரிசு. வருகிறது.

பதினோரு நாள், ஆறு நாடு. டூர் கம்பெனி கொடுத்த தாளைப் பார்த்தால் தலை சுற்றியது. காலை ஆறு மணிக்கு எழுப்பு மணி, ஏழுக்கு டிபன், எட்டுக்கு பஸ். நம் ஊர் மில்லில் முதல் ஷிப்ட் போகிறவர்கள்கூட இவ்வளவு கறாராக இருக்கமாட்டார்கள். அப்பா முப்பத்தைந்து வருஷம் மில்லில் ஷிப்ட் பார்த்தவர். ஆகவே அவர் மட்டும் தினமும் பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே மங்கி குல்லாயுடன் தயாராக நின்றார். கையில் மூன்று கிலோ கடலை மிட்டாய். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர்ச் சரக்கு. "கவர்மெண்டே முத்திரை போட்டாச்சு, எவன் தடுப்பான்?" என்று ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் மார்தட்டினார். ஒருத்தரும் தடுக்கவில்லை.

முதலில் பாரிஸ். ஈஃபில் டவர், 330 மீட்டர், 1889-இல் கட்டினது. மேலே போகிற க்யூவில் ஒன்றரை மணி நேரம், மேலே இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில் நான் 140 போட்டோ எடுத்தேன். அம்மா எல்லாத் திசையும் உற்றுப் பார்த்துவிட்டு, "செங்குத்தா ஓடு வேய்ஞ்ச வீடு ஒண்ணையும் காணோமே" என்றாள்.

அப்புறம் லூவர் மியூசியம். மோனாலிசா இருக்கிற ஹாலில் நம் ஊர் செண்பகவல்லியம்மன் கோயில் தேரோட்டம் மாதிரி கூட்டம். படமோ 77 சென்டிமீட்டர் உயரம், 53 அகலம். எல்லோரும் அவளுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தோம். டாவின்சி அதில் நாலு வருஷம் வேலை பார்த்தும் முடிக்காமல் விட்டார் என்று வசாரி எழுதிவைத்திருக்கும் விஷயத்தைக் கைடு சொன்னார். அம்மாவுக்கு சட்டென்று டாவின்சி மேல் ஒரு பாசம் வந்துவிட்டது.

"முடிக்காமலா விட்டாரு?" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆமாம்மா, நகரு. லைட்டை மறைக்கிறே" என்றேன்.

பிரஸ்ஸல்ஸில் மனெக்கென் பிஸ். ஒன்றுக்குப் போகும் பையன் சிலை, இரண்டடிகூட இல்லை. இந்தப் பையனுக்கு ஆயிரத்துக்கும் மேலே உடுப்பு இருக்கிறதாம். நாங்கள் போன அன்றைக்கு ஒன்றும் போட்டிருக்கவில்லை. "ஆயிரம் இருந்து என்ன, ஒரு ஜட்டி போட்டுவிட நாதியில்ல" என்று அம்மா வருத்தப்பட்டாள்.

ஹாலந்தில் காற்றாலைகள். அம்மா இறங்கி ஒவ்வொரு வீடாகப் பார்த்தாள். "இது இல்ல. நம்ம வீட்டுக்கு ஜன்னல் மூணு. நடு ஜன்னல் ஒரு கட்டம் பெரிசு." டூர் மேனேஜர், சின்னப் பையன், கையில் கொடியுடன் வந்து, "அம்மா யாரோட வீட்டைத் தேடறாங்க சார்? சொந்தக்காரங்களா?" என்று கேட்டான். அப்படித்தான் வைத்துக்கொள்ளேன் என்றேன்.

ஏழாம் நாள். ஜெர்மனியின் கொலோன் நகரத்திலிருந்து காலையில் கிளம்பி ஸ்விட்சர்லாந்தை நோக்கி பஸ் தெற்கே போய்க்கொண்டிருந்தது. இடது பக்கம் ஜன்னலில் கறுப்புக் காடு என்று பேர் பெற்ற மலைத்தொடர். வலது பக்கம் சமவெளி, அதில் ரைன் ஆறு, அதற்கு அந்தப் பக்கம் பிரான்ஸ். பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் தூக்கம். அப்பா தூங்கமாட்டார், போர்டு படிப்பார். கோவில்பட்டியிலிருந்து மதுரை போனாலும் சாத்தூர், விருதுநகர் என்று ஒவ்வொரு போர்டையும் வாய்விட்டுப் படிக்கிற ஜாதி.

திடீரென்று கத்தினார். "எம், யூ, எல்... ஏ புள்ள! முல் ஹவுஸ்!"

அம்மா தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். நீல போர்டு ஒன்று வலது பக்கம் அம்புக்குறியோடு பின்னால் ஓடியது. நானும் பார்த்தேன். சந்தேகமே இல்லை, அதே எழுத்துகள்.

நான் மேனேஜரிடம் ஓடினேன். "தம்பி, முல் ஹவுஸ்..."

"அது நம்ம ஐட்டினரியில இல்ல சார்."

"எவ்வளவு தூரம்?"

"அது ஆத்துக்கு அந்தாண்ட, பிரான்ஸ் சார். நாம ஏற்கெனவே பிரான்ஸ் முடிச்சாச்சு."

பிரான்ஸை 'முடித்துவிட்டோம்' என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் ஐரோப்பாவில் ஒரு சட்டம் இருக்கிறது, அது புண்ணியம் கட்டிக்கொண்டது. பஸ் டிரைவர் தொடர்ந்து நாலரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. அதற்குள் 45 நிமிஷம் ஓய்வு எடுத்தாகவேண்டும். வண்டியிலேயே ஒரு மெஷின் அதைப் பதிவு பண்ணிக்கொண்டிருக்கும், ஏமாற்ற முடியாது. போர்டைத் தாண்டின சில நிமிஷத்தில் எங்கள் டிரைவருக்கு அந்த நாலரை மணி நேரம் முடிந்தது. நெடுஞ்சாலை ஓரத்து ஓய்விடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, கையை நீட்டிச் சோம்பல் முறித்தார். போலந்துக்காரர். அப்பாவின் கடலை மிட்டாய்க்கு ஐந்து நாளாக அடிமை.

அவரிடம் நான் "முல் ஹவுஸ்?" என்றேன். அவர், "மூலூஸ்!" என்று திருத்திவிட்டு, கடலை மிட்டாய் பிடித்திருந்த கையாலேயே மேற்குப் பக்கம் காட்டினார். போனில் பார்த்தேன். இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் உள்ள தூரம்.

அம்மா கம்பி வேலி ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். மேற்கே வயல், மரங்கள், ரொம்பத் தூரத்தில் நீலமாக ஒரு மலை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. பரிகாரமாக, போனில் தேடித்தேடி அந்த ஊரைப் பற்றி வாசித்துக் காட்டினேன்.

முலூஸ் என்பது வீடு இல்லை, ஊர். ஜெர்மன்காரர்கள் ம்யூல்ஹவுசன் என்பார்கள். 'ஆலை வீடுகள்' என்று அர்த்தம். ஆற்றங்கரையில் ஒரு மாவு மில்லைச் சுற்றி எழும்பின ஊர் என்று கதை. நகரத்தின் சின்னமே ஒரு சிவப்புத் தண்ணீர்ச் சக்கரம்.

"சக்கரமா?" அம்மா திரும்பினாள். "பார்த்தீங்களா? நான் போட்டேம்லா, சக்கரம்!" என்றாள் அப்பாவிடம். அப்பா முதல் தடவையாக முள் ஜோக் சொல்லவில்லை.

அந்த ஊரில்தான் டி.எம்.சி. என்கிற பிரசித்தி பெற்ற பூவேலை நூல் கம்பெனி இருக்கிறது. டீச்சருடைய புத்தகம் அவர்கள் வெளியிட்டது. அதனால்தான் அடியில் ஊர்ப் பேர். கம்பெனி ஆரம்பித்தது 1746-இல். ஆரம்பித்தபோது நூல் இல்லை. என்ன தயாரித்தார்கள் தெரியுமா? சீட்டித் துணி! நம் நாட்டிலிருந்து கப்பலில் போன பூப்போட்ட பருத்தித் துணிக்கு அங்கே அப்படி ஒரு மவுசு. உள்ளூர் நெசவாளிகள் பிழைக்கமுடியாமல் போய், பிரான்ஸ் ராஜாங்கம் 1686-இல் அதற்குத் தடையே போட்டுவிட்டது. முலூஸ் அப்போது பிரான்ஸில் சேராத தனிக் குடியரசு, தடை அங்கே செல்லாது. ஆகவே அந்த ஊர்க்காரர்கள் நம் சீட்டியைப் பார்த்து அச்சடிக்க ஆரம்பித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'இந்தியென்'. நாம் ஃபாரின் சாமானைக் காப்பி அடிக்கிறோம் என்று யாராவது சொன்னால் இனி இதைச் சொல்லுங்கள் சார்.

"டி.எம்.சி.ன்னா என்னடா?" என்று கேட்டாள் அம்மா.

"டோல்ஃபுஸ் மீக் அண்ட் கம்பெனி. டோல்ஃபுஸ்ங்கிறது முதலாளி பேரு. 1800-ல அவரு மீக்ங்கிற குடும்பத்துப் பொண்ணைக் கட்டினாரு. பெண்டாட்டி வீட்டுப் பேரைத் தன் பேரோட சேர்த்துக்கிட்டாரு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ரைன் ஆறு இருக்கும் திசையைப் பார்த்தார்.

இன்னொரு தகவல் எனக்கே உறைத்தது. 1961-இல் டி.எம்.சி.யோடு இணைந்த நூல் கம்பெனிகளில் ஒன்று கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் குடும்பத்தாருடையது. திருவண்ணாமலையில் 1950-இல் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படம் எடுத்தாரே, அந்தப் புகைப்பட மேதை, அவர் அந்த வீட்டுப் பிள்ளை. ஒரு கணத்துக்காகக் காத்திருந்து ஒரு படம் எடுத்தவர். என் போனில் அதுவரைக்கும் 1,600 படம் சேர்ந்திருந்தது. பாதியில் என் மூக்கு.

"எதுவானா என்ன, நான் போட்டது மதுரை நூலு. நங்கூரம் போட்ட நூலு" என்றாள் அம்மா. "நம்ம பருத்தி."

இங்கேதான் அப்பா நுழைந்தார். பருத்தி என்று யாராவது சொன்னால் அப்பா சும்மா இருக்கமாட்டார். அந்த நங்கூரமே ஸ்காட்லாந்துக்காரன் கொண்டுவந்தது என்று ஆரம்பித்தார். ஹார்வி சகோதரர்கள் ஸ்காட்லாந்திலிருந்து வந்து பாபநாசத்தில், தூத்துக்குடியில், மதுரையில் மில் வைத்தது; தூத்துக்குடி கோரல் மில்லில் 1908 பிப்ரவரி கடைசியில் வ.உ.சி. நடத்திய வேலைநிறுத்தம்; மார்ச்சில் நிர்வாகம் இறங்கிவந்து கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை லீவும் கொடுத்தது (ஞாயிறு மத்தியானம் பிரியாணி தின்றுவிட்டுத் தூங்குகிற நாமெல்லாம் ஒரு நிமிஷம் எழுந்து கும்பிடவேண்டிய சமாச்சாரம்); அந்த மில்லெல்லாம் பெய்ஸ்லி ஊர் கோட்ஸ் நூல் கம்பெனியோடு சேர்ந்து 1974-இல் மதுரா கோட்ஸ் ஆனது; எல்லாம் ஒப்பித்தார்.

"ஆனா, நீ போட்ட நூல்ல நம்ம பருத்தி கிடையாது" என்று முடித்தார்.

"ஏனாம்?"

"கரிசல்ல விளையிறது கருங்கண்ணி. குட்டை இழை. நம்ம ஊர்ல 1901-லேயே ஆராய்ச்சிப் பண்ணை வச்சு அதைத் திருத்தித் திருத்திப் பார்த்தாங்க. மழைக்கு ஏங்காது, வறட்சியைத் தாங்கும், நல்ல ஜாதிதான். வேட்டி, துண்டு, ஜமக்காளம் எல்லாத்துக்கும் ஆகும். ஆனா, பூவேலை நூலுக்கு மினுமினுப்பு வேணும்லா? அதுக்கு நீள இழைப் பருத்தி வேணும். அதைக் காரத்துல முக்கி, விறைப்பா இழுத்துப் பிடிச்சாத்தான் பளபளப்பு வரும். காரத்துல முக்குறது மெர்சர்னு ஒருத்தன் 1844-ல கண்டுபிடிச்ச வித்தை; இழுத்துப் பிடிக்கிறது பின்னால வந்தது. உன் படத்துல கரிசல் பருத்தி ஒரு நூலு கிடையாது."

அப்பாவுக்குக் கொஞ்சம்கூட நேரம் காலம் தெரியாது.

அம்மா பேசாமல் இருந்தாள். அப்புறம் சொன்னாள்: "நூலு வாங்கின காசு யாரு காசு? எங்கய்யா குடுத்தாரா? படிக்கிற பொண்ணுக்கு நூலு எதுக்குன்னாரு. மாசி பங்குனியில லீவு நாளெல்லாம் நானும் பருத்தி எடுக்கப் போவேன். மடியில கட்டிட்டு வந்ததைக் கடையில போட்டு, அந்தக் காசுலதான் ஒரு தடவைக்கு ரெண்டு கண்டு வாங்குவேன். இப்ப சொல்லுங்க. அந்தப் படத்துல பருத்தி இருக்கா, இல்லையா?"

முப்பத்தைந்து வருஷம் மில்லில் வேலை பார்த்தவருக்குப் பதில் இல்லை.

நிலைமையைச் சரிக்கட்ட நான் போனில் அந்தப் படத்தை எடுத்தேன். அக்கா எப்போதோ அனுப்பியது. பெரிசு பண்ணி, "பாரும்மா, உன் முலூஸ்" என்றேன்.

அம்மா விரலை வைத்தாள், கீழே இடது பக்க மூலையில். "இந்த எடம்தான் மனசுல நிக்குது."

அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. வெள்ளையாக இருந்தது.

"ஏன்? பனிதானேம்மா அது?"

அம்மா என்னை விநோதமாகப் பார்த்தாள். "பனியா? நூல் தீந்துபோச்சுடா."

இது இரண்டாவது குற்றம். அந்தப் படத்துக்குக் கீழே நான் தவழ்ந்திருக்கிறேன், சாப்பிட்டிருக்கிறேன், பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். முப்பத்து நாலு வருஷம். ஓடைக்கு இந்தப் பக்கம் புல் முளைத்திருக்க, அந்தப் பக்கம் மட்டும் எப்படிப் பனி விழும் என்று ஒரு நாளாவது நான் யோசித்ததில்லை.

"பச்சை தீந்துபோச்சு. பஜார்ல கேட்டா, அந்த நம்பர் வரலை, அடுத்த மாசம் வான்னாங்க. அடுத்த மாசம் பொண்ணு பார்க்க வந்துட்டாங்க. அவசர அவசரமா அப்படியே ஃபிரேம் போட்டு மாட்டிட்டாங்க. பொண்ணுக்குக் கைவேலை தெரியும்னு காட்டணும்லா? அப்புறம் கல்யாணம், அக்கா, நீ..."

அப்பா மெதுவாகச் சொன்னார்: "நானும் பனின்னுதான்டா நெனச்சேன்."

பொண்ணு பார்க்கப் போனது 1982-இல். நாற்பத்திரண்டு வருஷம் அவரும் அதே பனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மேனேஜர் விசில் ஊதினான். 45 நிமிஷம் முடிந்துவிட்டது.

லூசெர்னில் ஷாப்பிங்குக்கு இரண்டு மணி நேரம் விட்டார்கள். பஸ் முழுவதும் வாட்ச் கடைக்கும் கத்திக் கடைக்கும் ஓடியது. நானும் அம்மாவும் சந்து சந்தாக நடந்து, ஒரு சின்னத் தையல் சாமான் கடையைக் கண்டுபிடித்தோம். உள்ளே அம்மா வயசில் ஓர் அம்மாள். அம்மாவுக்குத் தெரிந்தது கோவில்பட்டித் தமிழ். அவருக்குத் தெரிந்தது ஜெர்மன். மொழிபெயர்க்க நான் வாயைத் திறந்தேன். இரண்டு பேரும் என்னைக் கையமர்த்தினார்கள்.

அந்த அம்மாள் இழுப்பறை இழுப்பறையாகத் திறந்தார். டி.எம்.சி. நூல், ஐந்நூறு நிறம், ஒவ்வொன்றுக்கும் நம்பர். பச்சையில் மட்டும் பத்துப் பதினைந்து எடுத்துப் பரப்பினார். அம்மா மூன்றைப் பொறுக்கினாள். பிறகு கறுப்பு இருந்த இழுப்பறைப் பக்கம் போனாள். 310 என்று போட்டிருந்த கண்டை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்து பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். "இது மை. மண்ணு இல்ல."

கடைக்கார அம்மாளும் வாசலுக்கு வந்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், இன்னொரு கண்டைக் கொண்டுவந்து நீட்டினார். 3371. கறுப்புதான், ஆனால் உள்ளே ஒரு பழுப்பு ஓடியது. அம்மா அதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "ஐப்பசி மழைக்கு மறுநாள் உழுது போட்ட மாதிரியே இருக்குடா" என்றாள். நான்கு கண்டு வாங்கினாள். ஒரு கண்டின் விலைக்குக் கோவில்பட்டியில் இரண்டு பேர் டிபன் சாப்பிட்டு, காபியும் குடிக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை. எதற்குக் கறுப்பு என்றும் புரியவில்லை.

மறுநாள் டிட்லிஸ் சிகரம், 3,238 மீட்டர். அம்மா நிஜப் பனியை ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்தாள். "இதுதான் பனி. நல்லா பார்த்துக்கோ" என்றாள். அவ்வளவுதான் திட்டினது. அதுவே போதுமாக இருந்தது.

இத்தாலியையும் 'முடித்து'க்கொண்டு ஊர் திரும்பினோம். பைசா கோபுரத்தைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி நானும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

வந்த மறுநாளே அம்மா ஃபிரேமைக் கழற்றச் சொன்னாள். கண்ணாடிக்குள் இருந்து துணியை எடுத்தபோதுதான் நான் அதை முதன்முதலாகக் கையால் தொட்டேன். அங்குலத்துக்குப் பதினாலு கட்டம். ஓர் அங்குலச் சதுரத்தில் 196 பெருக்கல் குறி. படம் பத்துக்கு எட்டு அங்குலம். ஆபீஸில் கூட்டல் கழித்தல் பார்க்கிற புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். 15,680 குறி. ஒவ்வொன்றுக்கும் ஊசி இரண்டு தடவை குறுக்கே போகவேண்டும். விட்டுப்போன மூலை மூன்றுக்கு இரண்டு அங்குலம், 1,176 குறி.

போன வருஷம்தான் அம்மாவுக்குக் கண்ணில் லென்ஸ் வைத்திருந்தது. ஒரு நாளைக்கு இருபது குறிக்கு மேல் போடமுடியவில்லை. சாயங்காலம் நாலு மணி வெயில் வாசல் திண்ணையில் விழும்போது உட்காருவாள். ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது அப்பா. ஆறு இழையில் இரண்டை மட்டும் சிக்கில்லாமல் உருவி எடுப்பது ஒரு கலை என்றும், மில்லில்கூட இவ்வளவு கஷ்டம் இல்லை என்றும் அவர் பீற்றிக்கொண்டார். நான் ஆபீஸ் விட்டு வந்து அன்றைய இருபதை எண்ணிப் பார்ப்பேன்.

நாலாம் நாள்தான் கவனித்தேன். பச்சைக் கண்டு மூன்றும் பிரிக்காமல் பெட்டியிலேயே இருந்தன.

"ஏம்மா, புல்லு போடலையா?"

"புல்லு எதுக்கு? போர்த்தா மண்ணு தெரியாது."

இரண்டு மாதம் ஆனது. ஓடைக்கு அந்தப் பக்கம் அவர்கள் ஊர்ப் புல்வெளி, மலை, மூன்று ஜன்னல் வீடு. இந்தப் பக்கம், இடது மூலையில், உழுது போட்ட கரிசல். பார்ப்பதற்குக் கொஞ்சம் பொருத்தமில்லாமல்தான் இருக்கிறது. ஆனால் இப்போது வீட்டுக்கு வருகிற எல்லோருடைய கண்ணும் முதலில் அந்த மூலைக்குத்தான் போகிறது.

ஐரோப்பாவில் நான் எடுத்த போட்டோ மொத்தம் 2,314. திரும்பி வந்ததிலிருந்து ஒரு தடவைகூட முழுசாகப் பார்க்கவில்லை. ஆறு நாட்டில் நான் உருப்படியாகப் பார்த்தது ஒரே ஓர் இடம், 45 நிமிஷம், ஒரு கம்பி வேலி ஓரம். அங்கே பார்த்ததும் எங்கள் வீட்டு ஹாலைத்தான்.

உங்கள் வீட்டுச் சுவரிலும் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். கிளியோ, நாய்க்குட்டியோ. டூருக்கு லோன் போடுவதற்கு முன்னால், ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, அதன் மூலைகளைக் கொஞ்சம் பாருங்கள் சார். பனி விழுந்திருந்தால் அம்மாவிடம் கேளுங்கள். செலவு இல்லை, விசா வேண்டாம்.

போன வாரம் என் ஆபீஸ் சிநேகிதன் ஒருத்தன் வந்தான். படத்தைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர் சீனரிம்மா? ஸ்விட்சர்லாந்தா?" என்று கேட்டான்.

அம்மா காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "வீடு அங்கிட்டுள்ளதுப்பா. மண்ணு நம்மது" என்றாள். "மழை பெய்ஞ்சா இந்த ஐப்பசிக்குப் பருத்தி போடணும்."